களியும் கறுப்புக் குழம்பும்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டை மேனேஜர் குணசீலன் சார் இன்று காலை என் கையில் கொடுத்தார். தினமும் என்ன சமைத்தோம், எவ்வளவு மிச்சம் விழுந்தது என்று எழுத வேண்டுமாம். "அஞ்சாங் கிளாஸ்தான் சார் படிச்சிருக்கேன்" என்றேன். "வாளி எண்ண அது போதுமுங்க" என்றார். மனிதர் சிரிக்காமல் கேலி பேசுவார். எனக்கு அப்படி வராது. நான் பேசுவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவேன்.

என் பெயர் ரத்தினக்கனி. ஊர் நாகர்கோவில் பக்கம் கருங்கல். வயது நாற்பத்தொன்பது, ரேஷன் கார்டில் நாற்பத்தாறு. திருப்பூரில் இந்தப் பனியன் கம்பெனி விடுதியில் ஆறு வாரமாகத் தலைமைச் சமையல். எனக்குத் துணை காங்கயத்துத் தெய்வாத்தாள். பாத்திரத்துக்குக் கும்பகோணத்து ரமீசா. சாப்பிடுவது நூற்று நாற்பது பெண் பிள்ளைகள். எல்லா ஜில்லாவிலிருந்தும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டதுபோல இருப்பார்கள்.

இன்று மதியம்: சோறு, தேங்காய் அரைத்த பருப்புக்கறி, முட்டைக்கோஸ் துவரன், அதாவது தேங்காய்ப் பொரியல்.

மிச்சம்: ஐந்து வாளி.

மாதக் கடைசிக்குள் இது ஒரு வாளிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், ஜூலை ஒன்றாம் தேதி முதல் சமையல்கட்டைப் பூட்டிவிட்டு வெளியிலிருந்து டப்பாச் சாப்பாடு எடுக்கப் போகிறார்களாம். நாங்கள் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதையும் சார் சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் இது கேலி இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

புளிக்கறி, பயறுத் துவரன். நாலரை வாளி. ஒரு பிள்ளை தட்டைக் கழுவும்போது மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 6, வியாழன்

ஜலதோஷம் இல்லையாம்.

"ஏனுங்க்கா, நீங்க தாளிக்கிற தேங்கா எண்ணெய் இருக்குதே, அதுங்க" என்றாள் தெய்வாத்தாள். "எங்கூர்ப் பக்கம் அதைத் தலைக்குத்தானுங் தேய்ப்போம்."

"உனக்குத் தலையில ஒண்ணும் இல்லாததால மேல தேய்க்க. எங்களுக்கு வயித்துலயும் வேணும், கேட்டியா."

அவள் சிரித்தாள். ஆனால் நான் யோசித்தேன். மதியம் கை கழுவும் இடத்தில் நின்று பிள்ளைகளைக் கேட்டேன். தஞ்சாவூர்க்காரிகளுக்குப் பெருங்காயம் போதாது. மதுரை, சிவகங்கைப் பிள்ளைகளுக்குக் காரமும் சோம்பும் இல்லை. ஈரோட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வெங்காயம் இல்லை. நாகர்கோவில் பிள்ளைகள் ஏழு பேர் மட்டும் "சூப்பர் மாமி" என்றார்கள். அந்த ஏழு பேருக்குத்தான் ஆறு வாரமாக நூற்று நாற்பது பேர் சாப்பாடு சமைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

கடைசி வரிசையில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். குறை ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மட்டும் முக்கால்வாசி அப்படியே கொட்டிவிட்டுப் போனார்கள். தர்மபுரிக்காரர்களைப் பற்றி இந்த நோட்டில் நான் எதுவும் எழுதுவதாக இல்லை.

மிச்சம்: நாலே முக்கால்.

ஜூன் 8, சனி

சார் நோட்டைப் படித்துவிட்டுச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "தேவையானதை மட்டும் எழுதவும்." கீழே கையெழுத்து. கையெழுத்து கொத்துப் புரோட்டா மாதிரி இருக்கிறது. (இது தேவைதான் சார்.)

ஜூன் 10, திங்கள்

இன்று ஒரு பெரிய காரியம் செய்தேன். எல்லோருக்கும் பொதுவாக ஒரே குழம்பு. என் தேங்காய், தஞ்சாவூர்ப் பெருங்காயம், மதுரைச் சோம்பு, ஈரோட்டு வெங்காயம், இருக்கட்டும் என்று கொஞ்சம் வெல்லம், அதைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் மிளகாய். சர்வகட்சிக் கூட்டம் மாதிரி இருந்தது. அதில் நடப்பதுதான் இதிலும் நடந்தது.

ரமீசா வந்து சொன்னாள்: "கனியக்கா, வாளி பத்தல."

ஆறரை. நாகர்கோவில் பிள்ளைகள் ஏழு பேரும்கூடக் கொட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் மகள் அபிஷா போன் செய்தாள். மழை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். அங்கே உண்டா என்றேன். இல்லை என்றாள். இரண்டு நிமிடம்.

ஜூன் 12, புதன்

திருட்டைக் கண்டுபிடித்தேன்.

பருப்பு வெந்து மசிந்ததும் தேங்காய் அரைப்போடு அண்டாவுக்கு வந்தேன். பருப்பின் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. தெய்வாத்தாளையும் ரமீசாவையும் காணவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தால், ஆளுக்கொரு கிண்ணத்தில் என் பருப்பு! தெய்வாத்தாள் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் சீரகமும் தாளித்துக் கொட்டிக் கடைந்து வைத்திருக்கிறாள். ரமீசா ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, வீட்டில் வறுத்து அரைத்த மல்லிப்பொடியைத் தன் கிண்ணத்தில் தூவிக் கலக்கிக்கொண்டிருக்கிறாள். பெருங்காயம் கமகமவென்று எனக்கே எச்சில் ஊறியது.

"எத்தனை நாளா நடக்கு இது?"

ரமீசா தலையைக் குனிந்துகொண்டாள். தெய்வாத்தாள் வாயில் இருந்ததை முழுங்கிவிட்டுச் சொன்னாள்: "பொய் சொல்லலீங்க்கா. மொத நாள்ல இருந்துங்."

"ஆறு வாரமா எம் முன்னால உக்காந்து சாப்புட்டியே?"

"அது உங்க மனசு நோகக் கூடாதுன்னு சாப்புட்டதுங். இது பசிக்கு."

இரண்டு கிண்ணத்திலும் விரல் விட்டு நக்கிப் பார்த்தேன். அப்புறம் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். அண்டாவில் வேகிற வரைக்கும் அந்தப் பருப்பு எந்த ஊர்க்காரியும் இல்லை. நான் தேங்காயைக் கொட்டுகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் அது கருங்கல்லுக்கு வாக்கப்படுகிறது. அதுவரை யார் வேண்டுமானாலும் பெண் கேட்டு வரலாமே!

ஜூன் 13, வியாழன்

ஒரே பருப்பு, நாலு தாளிப்பு. நாலு வாளியில் பிரித்தோம். ஒன்றில் என் தேங்காய். ஒன்றில் தெய்வாத்தாளின் கடைசல். ஒன்றில் ரமீசாவின் வறுத்து அரைத்த மல்லி. ஒன்றில் மதுரைக்காரிகள் சொன்னபடி தக்காளி, பூண்டு, சோம்பு, காது சூடாகிற காரம். எது எதென்று தெரிய, கம்பெனியில் விழுகிற துண்டுத் துணியைக் கிழித்து வாளிக் கைப்பிடியில் கட்டினாள் தெய்வாத்தாள். பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு.

வேலை அரை மணி நேரம் கூடியது. தேங்காய்ச் செலவு கால்வாசியாகக் குறைந்தது.

மிச்சம்: இரண்டு வாளி! சார், நீங்கள் கேட்டது தேவையானது. இதோ: இரண்டு!

ஜூன் 15, சனி

சார் எழுதியிருக்கிறார்: "முன்னேற்றம். இன்னும் ஒன்று குறைய வேண்டும்." மதியம் மஞ்சள் துணி வாளி முன்னால் இரண்டாம் தடவை நின்றவர் யார் என்று நான் எழுதவில்லை.

ஜூன் 17, திங்கள்

ஒன்றரை வாளி. மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது. ரமீசா ஒவ்வொரு வரிசைத் தட்டையும் தனித்தனியாகக் கொட்டிப் பார்த்தாள். முக்கால்வாசியும் கடைசி வரிசைதான்.

போய் உட்கார்ந்தேன். வேடியம்மாள் என்று ஒரு பிள்ளை, பாலக்கோடு பக்கம்.

"என்ன மக்ளே, நாலு வாளி வச்சிருக்கேன். ஒண்ணுகூடவா பிடிக்கல?"

"நல்லாத்தான் இருக்குது ஆன்ட்டி. ஆனா மதியத்துக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. எங்க ஊட்ல களிதான். களி தின்னாத்தான் தின்ன மாதிரி இருக்கும்."

"களியா?"

"ராகிக் களி ஆன்ட்டி. தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

சரி, மாவுதானே, தண்ணீர்தானே என்று ராகி மாவு வாங்கிக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டி விடாமல் கிண்டினேன். உள்ளே மாவு வெளியே பசை என்று கோலிக்குண்டு கோலிக்குண்டாக வந்தது. வேடியம்மாள் ஒன்றை எடுத்துச் சுவரில் எறிந்தாள். திரும்பி வந்தது.

"நீயே கிண்டிக் காட்டேன், பாப்போம்" என்றேன்.

"எங்கம்மா கிண்டுவாங்க ஆன்ட்டி. நான் முழுங்கறதோட சரி." அம்மாவின் போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். "காலைல காட்டுக்குப் போறதுக்கு மின்ன பண்ணுங்க. நல்லா சொல்லிக் குடுப்பாங்க."

மிச்சம்: ஒன்றே முக்கால், கோலிக்குண்டு சேர்த்து.

ஜூன் 19, புதன்

அந்தத் தாளை எங்கோ வைத்துவிட்டேன். தேடித் தேடிப் பார்த்தேன். வேடியம்மாளிடம் இன்னொரு தடவை கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. களி கிண்டத் தெரிந்த இன்னொரு ஆள் நம்பர் என் போனில் உண்டு. வேறு வழி இல்லாமல் போனால்தான்.

ஜூன் 20, வியாழன்

சார், இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் அபிஷாவுக்கு அவள் விரும்பிய பையன் வீட்டில் பேச்சு முடிக்கத் தர்மபுரிக்குப் போனோம். வேன் பிடித்து எங்கள் பக்கத்து ஆட்கள் பதினெட்டுப் பேர். பையனின் அம்மா மாதம்மாள். விடியற்காலையிலிருந்து தன் கையால் கிண்டிய களியும் அவரைக்கொட்டைச் சாறும் பரிமாறினார்கள். எனக்குக் களியை எப்படிச் சாப்பிடுவதென்று தெரியாது. சோறு மாதிரி மென்றேன். மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"சம்பந்தி, இது சாப்பாடா, போஸ்டர் ஒட்டுற பசையா?" என்றேன்.

எங்கள் ஆட்கள் பதினேழு பேரும் சிரித்தார்கள். மாதம்மாள் சிரிக்கவில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை.

கல்யாணம் நடந்தது. அவர்கள் ஊர்க் கோயிலில். நான் பின்னால் நின்று அட்சதை போட்டுவிட்டு, சாப்பிடாமல் வண்டி ஏறினேன். சாப்பிடச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. அன்றிலிருந்து அபிஷா பேசுகிற பேச்சுதான் அந்த இரண்டு நிமிட மழைப் பேச்சு.

ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. தட்டை எடுக்கக் குனிந்தபோது மாதம்மாளின் உள்ளங்கையைப் பார்த்தேன். கிண்டிக் கிண்டிக் கொப்புளம் கட்டியிருந்தது. பார்த்த பிறகும் என் சிரிப்பு நிற்கவில்லை.

மிச்சம்: ஒன்றரை.

ஜூன் 21, வெள்ளி

வேறு வழி இல்லை. வேலைக்காகத்தான். மூன்று பேர் வேலை.

மணி பத்துக்குப் போன் செய்தேன். நாலு தடவை அடித்த பிறகு எடுத்தார்கள்.

"நான் ரத்தினக்கனி பேசுகேன். அபிஷா அம்மா."

பின்னால் கோழி ஒன்று கத்தியது.

"சொல்லுங்க."

"களி எப்படிக் கிண்டணும்?"

"எதுக்கு, போஸ்டர் ஒட்டணுமா?"

வாயில் நூறு பதில் வந்தது. ஒன்றையும் விடவில்லை. விடுதிக் கதையைச் சொன்னேன். இருபத்திரண்டு பிள்ளைகள், மாதக் கடைசிக்கு ஒன்பது நாள். "உங்க ஊர்ப் பிள்ளைங்க பசியோட எந்திரிச்சுப் போகுதுங்க. எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு நான் பேசினது பேச்சில்ல. உங்க கையையும் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் பேசினேன்."

கோழி திரும்பக் கத்தியது.

"மென்னீங்க இல்ல?" என்றார்கள்.

"ஆமா."

"அதான் ஒட்டிச்சி. களிய மெல்லக் கூடாதுங்க. கிள்ளி, சாறுல தொட்டு, முழுங்கணும். அன்னிக்கே சொல்லியிருப்பன். அதுக்குள்ள உங்க வாய் முந்திக்கிச்சி." அப்புறம் வரிசையாகச் சொன்னார்கள். ஒரு கை அரிசி நொய்யைப் போட்டுக் கஞ்சியாக வேக விட வேண்டும். நடுவில் மாவைக் குவியலாகக் கொட்ட வேண்டும். "கொட்டினதும் கிண்டிட்டீங்களா?"

"கிண்டினேன்."

"அங்கதான் தப்பு. கை வெக்கக் கூடாது. மூடிட்டுச் சும்மா இருக்கணும். அதும்பாட்டுக்கு வேவும். வெந்தப்புறந்தான் கட்டையால கிண்டணும். சும்மா இருக்கறது உங்களுக்குக் கஷ்டந்தான். இருந்து பாருங்க."

வைக்கப் போனேன். "இருங்க" என்றார்கள். குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்தக் கறுப்புக் கொழம்பு ஒண்ணு இருக்குதாமே, உங்க ஊர்ல. தீயலா? அபிஷா வாயத் தெறந்து கேக்கல. தூக்கத்துல ஒருக்கா சொன்னான்னு எம் பையன் சொன்னான். மூணு தடவ பண்ணிப் பாத்துட்டன். தேங்கா கரிஞ்சி போவுது."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். அப்புறம் சொன்னேன். தேங்காயை எண்ணெய் விடாமல் சின்னத் தீயில், கை எடுக்காமல், காப்பிக்கொட்டை நிறம் வரைக்கும் வறுக்க வேண்டும் என்று. "அங்க சும்மா இருக்கக் கூடாது சம்பந்தி. ஒரு நிமிஷம் கைய எடுத்தாலும் கரிஞ்சிரும்."

"அப்பிடியா. எங்களுது சும்மா இருக்கணும். உங்களுது சும்மா இருக்கக் கூடாது."

அவர்களும் சிரித்த மாதிரிதான் இருந்தது. கோழியாகவும் இருக்கலாம்.

ஜூன் 22, சனி

மாவைக் கொட்டி மூடினேன். ஒரு நிமிடம் ஆனது. கை அரித்தது. கட்டையைத் தேடினால் தெய்வாத்தாள் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். "சும்மா இருக்கோணுமுன்னு நீங்கதானுங் சொன்னீங்க." கால் மணி நேரம் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றேன். என் கல்யாணத்தில்கூட அவ்வளவு நேரம் நான் பேசாமல் நின்றதில்லை.

பிறகு கிண்டினோம். நான் பத்துச் சுற்று, ரமீசா பத்துச் சுற்று. ஈரக் கையில் உருட்டி வைத்தபோது கறுத்த குண்டாக, வழவழவென்று, ஒரு விரிசல் இல்லாமல் இருந்தது. வேடியம்மாள் ஒரு கிள்ளு கிள்ளிச் சாற்றில் தொட்டு முழுங்கினாள். "இன்னொரு உருண்டை குடுங்க ஆன்ட்டி" என்றாள். நானும் கிள்ளி முழுங்கினேன். மெல்லவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. மூன்று வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தது.

மிச்சம்: முக்கால் வாளி!

சார் சாயங்காலம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். இருபதாம் தேதிப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில்: "தாண்டவில்லை." கீழே கொத்துப் புரோட்டா.

ஜூன் 25, செவ்வாய்

அரை வாளி. தர்மபுரிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், களி சாப்பிட்டது நாற்பத்தொரு பேர். தஞ்சாவூர்க்காரி ஒருத்தி சிவப்புத் துணி வாளியில் நின்று, காரத்தில் கண் கலங்கிக்கொண்டே இன்னும் கேட்கிறாள்.

அரிசிக் கணக்கு நோட்டைப் புரட்டாமலே சொல்லிவிடலாம், அவ்வளவு சரியாகப் போகிறது. இந்த நோட்டைப் புரட்டியபோதுதான் பதினெட்டாம் தேதிப் பக்கத்தில் வேடியம்மாள் கொடுத்த துண்டுத் தாள் இருந்தது. இங்கேயேதான் இருந்திருக்கிறது. சரி, இருக்கட்டும்.

ஜூன் 28, வெள்ளி

நாளை முதலாளியம்மா நேரில் வந்து வாளியைப் பார்க்கிறார்களாம். டப்பாச் சாப்பாட்டுக்காரரும் மாதிரி கொண்டுவருகிறாராம். மாதம்மாளுக்குச் சும்மா சொல்லிவைக்கலாம் என்று போன் செய்தேன். "அப்பிடியா" என்று வைத்துவிட்டார்கள்.

ஜூன் 29, சனி

எதிலிருந்து தொடங்குவது!

காலை பத்தரைக்குக் கேட்டில் வாட்ச்மேன் சத்தம். போனால், மஞ்சள் பையோடு மாதம்மாள். தர்மபுரியில் விடியற்காலை பஸ் ஏறி, சேலத்தில் மாறி வந்திருக்கிறார்கள். பையில் புது ராகி மாவு, காய்ந்த அவரைக்கொட்டை. கையில் தடி மாதிரி ஒரு களிக்கட்டை.

"எல்லாம் சொல்லிட்டன். கட்டை சொல்ல மறந்துட்டன். உங்க கட்டைல மூலைக்கு எட்டாது" என்றார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்புக்கு வந்துவிட்டார்கள். நான் அவர்களுக்குத் தெரியாமல் மூலையில் தேங்காய் வறுக்க ஆரம்பித்தேன்.

பன்னிரண்டரைக்கு முதலாளியம்மா வந்தார்கள். டப்பாச் சாப்பாட்டுக்காரர் பத்து டப்பாவை மேஜையில் அடுக்கினார். பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு வாளிகளுக்கு வந்தார்கள். துணி கட்டியிருந்த கைப்பிடிகளை யாரும் பார்க்கவே இல்லை. களி உருண்டைக்கு வரிசை வாசல் தாண்டிப் போனது. கடைசித் தட்டு கழுவி முடித்ததும் முதலாளியம்மா மிச்ச வாளிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

அடியில் கறிவேப்பிலை, காம்பு, இரண்டு முருங்கைச் சக்கை.

"எங்கங்க மிச்சம்?" என்று சாரைக் கேட்டார்கள்.

சார் முதல் தடவையாகச் சிரித்தார். பல் வரிசையாகத்தான் இருக்கிறது. "இதுதானுங்க மேடம்."

"அடுப்பை எதுக்கு நிறுத்தறது? நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர்களே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டப்பாக்காரர் பத்து டப்பாவையும் திருப்பி அடுக்கினார். எனக்குப் பாவமாகிவிட்டது. ஒரு உருண்டை களி கொடுத்தேன். "மெல்லாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

எல்லோரும் போன பிறகு நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். மாதம்மாளுக்கு வாழையிலை போட்டு, சோறு வைத்து, என் தீயலை ஊற்றினேன். கன்னங்கரேல் என்று இலையில் ஓடியது. அவர்கள் பார்த்தார்கள். குனிந்து மோந்து பார்த்தார்கள். நிமிர்ந்தார்கள்.

"சம்பந்தி, இது கொழம்பா, வண்டிச் சக்கரத்துக்குப் போடற மையா?"

ரமீசாவின் கை வாய்ப் பக்கத்தில் அப்படியே நின்றது. தெய்வாத்தாள் என்னைப் பார்த்தாள். மாதம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷம் வைத்திருந்து, பஸ் ஏறி வந்து, சரியான இடத்தில் இறக்கிவிட்டார்கள்.

நான் சிரித்தேன். சமையல்கட்டு அதிரச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். இந்தத் தடவை கோழி இல்லை. சிரித்து முடித்து ஒரு வாய் எடுத்து வைத்தார்கள், கண்ணை மூடினார்கள். "இன்னும் கொஞ்சம் மை ஊத்துங்க" என்று இலையைத் தள்ளினார்கள்.

மூன்று தடவை ஊற்றினேன். போகும்போது தூக்குவாளி நிறையத் தீயல் கொடுத்தனுப்பினேன். களிக்கட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மறதி என்று நான் நினைக்கவில்லை.

மிச்சம்: இல்லை.

ஜூலை 1, திங்கள்

அடுப்பு எரிகிறது. இனிமேல் நோட்டு எழுத வேண்டாம் என்றார் சார். "எழுதினாப் படிக்க மாட்டேன்னு சொல்லலீங்க" என்றும் சொன்னார்.

காலையில் டீக்குப் பாலை வைத்தேன். அபிஷா போன் செய்தாள். எடுத்ததும் மழை உண்டா என்று நான் கேட்டேன். "மழையை விடுங்கம்மா. தூக்குவாளியை நான் கழுவவே விடல. அதுலேயே சோறு போட்டுப் பிசைஞ்சு தின்னேன்" என்றாள். அப்புறம் மாமியார் பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தது, சேலையில் கறை ஆனது, அவள் வீட்டுக்காரர் மை என்று சொல்லிவிட்டு நாலு கரண்டி சாப்பிட்டது, நான் எப்போது அங்கே வருகிறேன், வந்தால் எத்தனை நாள் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது.

தெய்வாத்தாள் கத்தினாள். அப்போதுதான் பார்த்தேன்.

மிச்சம்: அடுப்பில் பொங்கி வழிந்த பால். வேறொன்றும் இல்லை.